பிடி அரிசியும் பெற்றவள் தோடும்

"பெற்றவன் படிக்க வைக்கிறான், இதிலே ஊருக்கென்ன வேலை? நாட்டுக்கென்ன வேலை?" என்று கேட்கிறார்கள் சிலர். கேட்கும்போது முகத்திலே முறுவல், குரலிலே கண்டிப்பு. பிள்ளை வளர்ப்பு வீட்டுக் காரியமாம்! கல்விச் செலவு குடும்பக் கணக்காம்! வசதியுள்ளவன் வாங்கிக்கொள்ளலாம், வசதியற்றவன் வாயை மூடிக்கொள்ளலாம் என்பதாம்! கேட்பதற்கு எளிய பேச்சு. அந்த எளிய பேச்சு ஏழையின் வீட்டுக்குள் நுழைந்து என்னென்ன செய்கிறது என்பதை எண்ணிப் பார்த்தவர் எத்தனை பேர்?

எண்ணிப் பார்ப்போம். ஏட்டிலே வேண்டாம், சிவகாசியை அடுத்த விஸ்வநத்தத்திலே நின்று எண்ணிப் பார்ப்போம்.

கரிசல் காட்டு வட்டாரம் இது. வானம் பொழிந்தால் விளைச்சல், பொய்த்தால் பட்டினி என்றிருந்த இடம். 1920களில் தீப்பெட்டித் தொழில் வந்தது, பட்டாசு வந்தது, அச்சகம் வந்தது. ஏரைப் பிடித்த கை திரியைப் பிடித்தது. நாடு கொண்டாடும் தீபாவளியின் ஒளியிலும் ஒலியிலும் பெரும்பகுதி இவ்வட்டாரத்து விரல்கள் ஈந்தது. மருந்து செலுத்துவோர், திரி சொருகுவோர், குழாய் உருட்டுவோர், பெட்டி ஒட்டுவோர் எனப் பல்லாயிரவர். அலுமினியப் பொடி படிந்த கைகள் மாலையிலே வெள்ளி பூசியவைபோல் மின்னும். ஆனால் வீட்டிலே வெள்ளி இல்லை! தேய்த்தாலும் எளிதிலே போகாத அந்தச் சாயம் தம் பிள்ளையின் கையிலே ஏறக்கூடாது என்பதே பெற்றோரின் வாழ்நாள் ஆசை.

ஆசை பிழையா? 2012ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள், நாடெங்கும் ஆசிரியர் நாள் கொண்டாடப்பட்ட அதே நாளில், சிவகாசிக்கு அருகே முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்து முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள் கருகின. 2021 பிப்ரவரி 12ஆம் நாள் சாத்தூருக்கு அருகே அச்சங்குளத்திலும் அதே கொடுமை, அதே கதறல். கண்ணெதிரே இவற்றைக் கண்டவள் தன் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தின் பக்கம் தள்ளாமல் வேறு எந்தப் பக்கம் தள்ளுவாள்?

அந்த ஆசைக்குத்தான் இன்று விலைச்சீட்டு ஒட்டியிருக்கிறார்கள்!

சேர்க்கைக் கட்டணம் என்பார்கள். பருவக் கட்டணம் என்பார்கள். புத்தகத்துக்குத் தனி, நோட்டுக்குத் தனி. வாரத்தில் சில நாளுக்கு ஒரு நிறச் சீருடை, மற்ற நாளுக்கு மற்றொரு நிறம். காலணி, கழுத்துப்பட்டி, அடையாள அட்டை. வேன் கட்டணம். ஆண்டு விழாவுக்கு ஒரு தொகை. அதிலே ஆடும் பிள்ளையின் ஆடைக்கு வேறொரு தொகை. இத்தனையும் கட்டிய பிறகு, பள்ளியிலே புரியாததைப் புரியவைக்க மாலையிலே தனிப்பயிற்சி, அதற்கும் ஒரு தொகை! சிவகாசி அச்சகத்திலே நோட்டுப் புத்தகத்தைத் தைத்து, அடுக்கி, கட்டி அனுப்பும் தொழிலாளி, அதே போன்றதொரு நோட்டைப் பள்ளியின் பெயர் அச்சிட்ட அட்டையோடு, பள்ளி சொல்லும் விலைக்குப் பள்ளியிலேயே வாங்கி வருகிறாள். செய்த கைக்குக் கிடைத்தது கூலி. வாங்கிய கையிலிருந்து போனது அதைப் போலப் பன்மடங்கு!

வெறும் ஆவேசப் பேச்சு என்று தள்ளிவிட வேண்டாம்; கணக்குக்கு வருவோம். ஒன்றிய அரசின் தேசிய மாதிரி ஆய்வு 80ஆம் சுற்றிலே, 2025ஆம் ஆண்டு, நாடு முழுவதும் பள்ளிக் கல்விச் செலவைக் கேட்டறிந்தது. அரசுப் பள்ளியில் படிக்கும் மாணவர் ஒருவருக்குக் குடும்பம் ஓராண்டில் செலவிடும் தொகை சராசரியாக 2,863 ரூபாய். அரசு சாராப் பள்ளியில் 25,002 ரூபாய். ஏறத்தாழ ஒன்பது மடங்கு! நூற்றுக்கு 27 மாணவர் தனிப்பயிற்சிக்கும் போகின்றனர். கல்விக்கான பணம் முதன்மையாக எங்கிருந்து வருகிறது என்று கேட்டபோது, நூற்றுக்கு 95 பேர் குடும்பத்தையே காட்டினர். இது இந்தியச் சராசரி. சராசரிக்கு மேலே வாங்குவோர் உண்டு. கொடுக்க முடியாமல் தவிப்போர் அதனினும் மிகுதியாக உண்டு.

தொகை மட்டுமா தொல்லை? அது வந்து நிற்கும் காலம் பெருந்தொல்லை! பட்டாசுத் தொழிலாளியின் கையிலே நாலு காசு புரள்வது தீபாவளியை ஒட்டித்தான். போனஸ் என்று ஒன்று கிடைப்பதும் அப்போதுதான். பண்டிகை முடிந்ததும் ஆலைகள் சில வாரம் அடைபடும். மழை வந்தால் காயவைக்க வெயில் இல்லை. வெயில் இல்லையேல் வேலை இல்லை. வேலை இல்லையேல் கூலி இல்லை. 2018 அக்டோபர் 23ஆம் நாள் உச்சநீதிமன்றம், காற்றின் தூய்மை கருதிச் சரவெடிக்கும் பேரியம் உப்புக்கும் தடை விதித்தது. தீர்ப்பின் நியாயத்தை இங்கே நாம் விவாதிக்கவில்லை. சரம் பின்னி வாழ்ந்த கைகளுக்கு அதனால் வேலை சுருங்கியது என்பதைக் குறிக்கிறோம். கூலி ஐப்பசியிலே வருகிறது. கட்டணமோ ஆனி பிறக்குமுன் கதவைத் தட்டுகிறது! இடையிலே கிடக்கும் அந்தப் பெரும்பள்ளத்தை எதைப் போட்டு நிரப்புவது? காதிலே கிடக்கும் தோட்டைப் போட்டு நிரப்புகிறாள் தாய். தோடு போதாவிட்டால் குழுக்கடன். குழுக்கடனுக்குத் தவணை கட்ட வட்டிக் கடன். பிள்ளை முதல் வகுப்பிலே எழுத்துக் கற்கிறது. வீடு அதற்கு முன்பே கடன் கணக்குக் கற்றுவிடுகிறது!

இங்கேதான் நாம் அஞ்சவேண்டிய இடம் வருகிறது. தோட்டுக்கும் ஒரு முடிவு உண்டல்லவா? இரண்டு பிள்ளைகள் இருந்தால் என்ன செய்வது? மகன் ஆங்கிலப் பள்ளிக்கு, மகள் கட்டணமில்லாப் பள்ளிக்கு என்று ஒரே வீட்டுக்குள் இரண்டு நீதி பிறக்கிறது. அதுவும் தாங்கவில்லையென்றால், "பெண்தானே, பத்தாவது போதும், விடுமுறையிலே பெட்டி ஒட்டட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்ற பேச்சு எழுகிறது. அந்தப் 'பிறகு' வருவதே இல்லை! தம்பியின் கட்டணத்தை அக்காளின் படிப்பு கட்டுகிறது. கட்டணச் சீட்டிலே அவள் பெயர் இராது. ஆனால் கட்டியவள் அவளே!

1953ஆம் ஆண்டை மறந்திருக்கமாட்டோம். அந்நாள் முதலமைச்சர் இராசகோபாலாச்சாரியார் தொடக்கக் கல்வியிலே ஒரு திட்டம் கொணர்ந்தார். பள்ளி நேரத்தைக் குறைத்து, எஞ்சிய பொழுதில் பிள்ளை தன் பெற்றோரின் தொழிலைப் பழகட்டும் என்றது அது. குலக்கல்வி என்று பெயர் சூட்டித் தமிழகம் கொதித்தெழுந்தது. 1954இல் காமராசர் முதலமைச்சரானார். திட்டம் குழிக்குள் போயிற்று. செத்தது என்று நிம்மதியாக இருந்தோம். செத்ததா? அன்று ஆணை பிறப்பித்து, "அப்பன் தொழிலுக்குப் போ" என்றார்கள். எதிர்த்து நிற்க முகம் தெரிந்தது, பெயர் தெரிந்தது. இன்று ஆணை இல்லை, அமைச்சர் இல்லை, அறிக்கை இல்லை. ஒரு கட்டணச் சீட்டு அதே வேலையை அரவமில்லாமல் செய்து முடிக்கிறது! மருந்து செலுத்துவோன் மகன் மருந்து செலுத்தவும், பெட்டி ஒட்டுவோள் மகள் பெட்டி ஒட்டவும் சட்டம் எதற்கு? கட்ட முடியாத ஒரு தொகை போதாதா?

குழந்தை உழைப்பென்னும் கறையை இவ்வட்டாரம் எவ்வளவு பாடுபட்டுக் கழுவியது என்பதை எண்ணினால் நெஞ்சு இன்னும் பதறும். 1985 டிசம்பர் 31ஆம் நாளைய அரசுக் கணக்குப்படி, சிவகாசியில் பதிவு பெற்ற 221 தீப்பெட்டி ஆலைகளில் 27,338 தொழிலாளர். அவர்களுள் 2,941 பேர் குழந்தைகள்! பதிவேட்டிலே ஏறிய கணக்கு இது; ஏறாதவர் எத்தனையோ. வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்சநீதிமன்றம் 1996 டிசம்பர் 10ஆம் நாள் தீர்ப்பளித்தது. குழந்தையை வேலைக்கு வைத்த முதலாளி ஒவ்வொரு குழந்தைக்கும் 20,000 ரூபாய் செலுத்த வேண்டும். அக்குடும்பத்தில் வளர்ந்தவர் ஒருவருக்கு அரசு வேலை தர இயலாவிட்டால், அரசு 5,000 ரூபாய் சேர்க்க வேண்டும். அந்த 25,000 ரூபாயின் வருவாய், பிள்ளை பள்ளிக்குப் போகும் வரை பெற்றோருக்குக் கிடைக்க வேண்டும் என்றது தீர்ப்பு.

கூர்ந்து நோக்குங்கள். ஒரு குழந்தையை ஆலையிலிருந்து மீட்டுப் பள்ளியிலே நிறுத்த, அன்று நீதிமன்றம் வகுத்த மூலதனம் 25,000. ஒரு குழந்தை தனியார் பள்ளியில் ஓராண்டு படிக்க, 2025இல் பெற்றோர் கொடுத்த சராசரி 25,002! பணத்தின் மதிப்பு இடையிலே மாறியது என்பதை நாமறிவோம். இரண்டும் ஒரே எடையுள்ளவை என்று வாதிடவில்லை. ஆனால் பொருளை உணருங்கள். அன்றைய தொகையைக் கொடுக்க வேண்டியவர் முதலாளியும் அரசும். இன்றைய தொகையைக் கொடுப்பவள் தோட்டைக் கழற்றும் தாய். தொகை நின்ற இடத்திலேயே நிற்கிறது. சுமக்கும் தோள் மாறிவிட்டது! சூது இதுதான்.

தாயின் தோளிலே இச்சுமையை ஏற்றுவது தமிழர் மரபா? புறநானூற்றிலே பொன்முடியார் என்னும் பெண்பாற் புலவர், ஒரு மகனை ஆளாக்கும் கடமையைப் பெற்றவளோடு முடித்துவிடவில்லை. தந்தைக்கு ஒரு பங்கு, வேல் வடிக்கும் கொல்லனுக்கு ஒரு பங்கு, ஆளும் வேந்தனுக்கு ஒரு பங்கு என்று பிரித்துவைத்தார். போர்க்காலத்துப் பாட்டுத்தான், ஆனால் பிள்ளை ஊருக்குரிய செல்வம், ஆகவே செலவும் ஊருக்குரியது என்ற நினைப்பு அதற்குள்ளே இருக்கிறது.

சங்ககாலம் தொலைவிலே இருக்கிறதா? விருதுநகருக்கு வருவோம், நம் மாவட்டத் தலைநகர்தான். 1889இல் அங்கே சத்திரிய வித்தியாசாலை தோன்றியது. பெயரிலே வடமொழி இருக்கலாம். செயலிலே தமிழ்நாட்டு நெறி இருந்தது. வணிகர்கள் தம் வியாபாரத்திலிருந்து மகமை என்று ஒரு சிறு பங்கை எடுத்துவைத்தனர். வீடுதோறும் உலையிலே அரிசி இடுமுன் ஒரு பிடியை எடுத்துப் பள்ளிக்கென்று வைத்தனர். பிடியரிசி என்று அதற்குப் பெயர். ஒரு சமூகத்தார் தொடங்கிய பள்ளி, பிறருக்கும் கதவைத் திறந்து வைத்தது. அங்கே படித்த பிள்ளைகளுள் ஒருவர்தாம் காமராசர். படிப்பைத் தொடர இயலாமல் மாமனின் துணிக்கடைக்குப் போன அந்தச் சிறுவர், பின்னாளில் முதலமைச்சராகி 1956இல் பள்ளிகளிலே மதிய உணவுத் திட்டத்தைப் பரப்பினார். ஊர் போட்ட பிடியரிசி, நாடு போட்ட சோறாக வளர்ந்தது!

அதற்கும் முன்பே, 1920இல், சென்னை ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் தியாகராயர் தலைமையில் பிள்ளைகளுக்கு உணவு வழங்கப்பட்டது. 1982இல் சத்துணவு வந்தது. 2022இல் காலை உணவும் தொடங்கியது. இவையெல்லாம் யாரோ ஒருவர் இட்ட பிச்சையல்ல. குழந்தையின் செலவு நாட்டின் செலவு என்று தமிழகம் தலைமுறைதோறும் எழுதிய தீர்மானங்கள். ஒரு நூற்றாண்டாக முன்னேறிய கணக்கு இது. இதைப் பின்னுக்குத் தள்ளி, "அவரவர் பிள்ளை அவரவர் பாடு" என்று முடித்துவிட முயல்வோரை எப்படிச் சும்மா விடுவது?

சிவகாசியைக் 'குட்டி ஜப்பான்' என்று நேரு அழைத்ததாகப் பெருமையோடு கூறுவர். பெருமைப்படுவோம்! ஆனால் பெரிய ஜப்பான் என்ன செய்தது? 1872இலேயே நாடு முழுவதற்கும் கல்வி ஆணை பிறப்பித்தது. கட்டணம் கேட்டபோது உழவர் வீட்டுப் பிள்ளைகள் வரத் தயங்கினர். 1900இல் கட்டாயத் தொடக்கக் கல்விக்குரிய கட்டணத்தையே நீக்கியது. பிள்ளைகள் பெருகி வந்தனர். பெயரை மட்டும் ஜப்பானிடம் வாங்கிக்கொண்டு, அறிவைக் கடலுக்கு அப்பாலேயே விட்டுவிட்டோமே!

"அரசுப் பள்ளிதான் இருக்கிறதே, அங்கே சேர்க்காமல் ஆங்கில மோகத்திலே அலைந்தால் யார் பொறுப்பு?" என்று கேட்கிறார் கனவான். கேட்கும் கனவானின் பிள்ளை எங்கே படிக்கிறது என்று முதலிலே கேட்போம்! பெற்றோர் மோகத்திலே போகவில்லை. பெரியவர்கள் போன வழியைப் பார்த்துப் போகிறார்கள். அதிகாரியின் பிள்ளை அங்கே, ஆலை முதலாளியின் பிள்ளை அங்கே, அரசுப் பள்ளியிலே ஊதியம் பெறும் ஆசிரியர் பலரின் பிள்ளையும் அங்கே! சமைத்தவனே உண்ணாத சோற்றை விருந்தாளி எப்படி நம்புவான்? 2015 ஆகஸ்டு 18ஆம் நாள் அலகாபாத் உயர்நீதிமன்றம், அரசுப் பணத்திலே ஊதியம் பெறுவோர் தம் பிள்ளைகளை அரசு தொடக்கப் பள்ளியிலேயே சேர்க்க வகை செய்யுமாறு உத்தரப் பிரதேச அரசுக்குக் கூறியது. தீர்ப்பு ஏட்டிலே தங்கிற்று. பிள்ளைகள் இருந்த இடத்திலேயே தங்கினர்.

"கட்டணத்துக்குத்தான் சட்டம் இருக்கிறதே" என்பார் இன்னொருவர். இருக்கிறது! தமிழ்நாட்டிலே 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி குழு அமைத்துப் பள்ளிதோறும் கட்டணம் வரையறுக்கப்படுகிறது. மிகுதியாக வாங்கினால் திருப்பித் தரவேண்டும், தண்டனையும் உண்டு. அதே ஆண்டில் வந்த கல்வி உரிமைச் சட்டம், நன்கொடை கேட்பதையும் சேர்க்கைக்காகப் பிள்ளையைத் தேர்வு செய்வதையும் தடுக்கிறது. ஆனால் இரசீது இல்லாமல் வாங்கும் தொகைக்கு எந்தக் குழு வரம்பு கட்டும்? சட்டத்தின் கண் இரசீதைத்தான் பார்க்கிறது. மேசைக்கு அடியிலே பார்ப்பதில்லை. பெற்றோர் வாய் திறந்தால், பிள்ளையின் மேல் பாயுமோ என்ற அச்சம் வாயை அடைக்கிறது.

"பணத்துக்கு எங்கே போவது?" என்பார் மூன்றாமவர். மகமை தந்த மண்ணிலே நின்று இக்கேள்வியைக் கேட்பது வெட்கம்! விற்றுப் போகும் பட்டாசுப் பெட்டியிலே, நாட்காட்டிக் கட்டிலே, தீப்பெட்டிப் பண்டலிலே ஒரு சிறு காசு, அதைச் செய்த கைகளின் பிள்ளைகள் படிக்கும் பொதுப் பள்ளிக்கென்று ஒதுங்கினால், எந்த ஆலை மூழ்கிவிடும்? தீபாவளிக்கு முன்பணம் தந்து தொழிலாளியைப் பிணைத்துக்கொள்ளத் தெரிந்தவர்களுக்கு, பள்ளி திறக்கும் முன்னே வட்டியில்லா முன்பணம் தரத் தெரியாதா?

எனவே நாம் வேண்டுவன இவை. அரசு, ஆசிரியர் இல்லாத வகுப்பு ஒன்றுகூட இல்லாதபடி பொதுப் பள்ளியை நிரப்ப வேண்டும்; ஆங்கிலம் கற்க ஏழை தனியார் வாசலிலே நிற்க வேண்டாதபடி, தமிழ்வழிப் பிள்ளைக்கும் ஆங்கிலத்தைச் செம்மையாகக் கற்றுத்தர வேண்டும். ஆலை உரிமையாளர், மகமை மரபை மீட்க வேண்டும். அரசு ஊழியரும் ஆசிரியரும் தம் பிள்ளைகளைத் தாம் போற்றும் பள்ளியிலேயே சேர்த்து, அதன் தரத்துக்குத் தாமே பிணையாக வேண்டும்.

பெற்றோருக்கும் ஒன்று. இரசீது கேளுங்கள், குழு வகுத்த தொகை என்னவென்று கேளுங்கள். தனியாகக் கேட்டால் மிரட்டுவர். பத்துப் பேர் சேர்ந்து கேட்டால் மரியாதையோடு பதில் வரும். மகளுக்கு ஒரு பள்ளி, மகனுக்கு ஒரு பள்ளி என்று பிரிக்காதீர்கள். பொதுப் பள்ளியின் மேலாண்மைக் குழுவிலே நூற்றுக்கு 75 இடம் பெற்றோருக்கு, உறுப்பினரில் பாதி பெண்களுக்கு என்று சட்டம் தந்திருக்கிறது. பெட்டி ஒட்டும் பெண் அந்த நாற்காலியிலே அமரட்டும், கணக்கைக் கேட்கட்டும், கூரை ஒழுகினால் குரல் கொடுக்கட்டும். தனியார் பள்ளியிலே 25,000 கொடுத்தும் கிடைக்காத உரிமை அது!

பிள்ளையைப் பெற்றது ஒரு தாய். அப்பிள்ளையின் அறிவாலும் உழைப்பாலும் வாழப்போவது ஊர், நாடு, உலகம். பயன் பொதுவென்றால் செலவும் பொதுவே. தோடு அவள் காதிலே இருக்கட்டும்! பிள்ளை பள்ளியிலே இருக்கட்டும்! கணக்கு, நாட்டின் பேரேட்டிலே ஏறட்டும்!